இரு பணியும் ஓர் உயிரும்

ஓர் உயிர் ஒரே கணத்தில் இரண்டு பணிகளை ஆற்ற வல்லதோ, வல்லதன்றேல் அங்ஙனம் ஆற்றத் துணிதல் குற்றமாமோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றாம்.

1956-இல் நிறுவப்பெற்ற நெய்வேலி லிக்னைட் நிறுவனத்தார் பழுப்பு நிலக்கரி அகழும் முறையை நோக்குக. கரிப்படுகையின் கீழ் நிலத்தடிநீர் மிக்க அழுத்தத்தோடு நிற்றலின், அகழ்வு நடைபெறும்போதே அல்லும் பகலும் நீரை இறைத்தல் வேண்டும். ஆண்டு இருபணியும் ஒருங்கே நிகழ்வன. ஆயின் அகழ்வது வாளிகள் பொருந்திய பெருஞ்சக்கர எந்திரம். இறைப்பன வேறு பொறிகள். அச்சக்கரத்தினும் ஒரு வாளி வாரும்பொழுது மற்றொன்று கொட்டுமன்றி, வாரும் வாளியே கொட்டுவதில்லை. கருவி பலவாயின் பணியும் பலவாதல் கூடும். அறியும் உயிர் ஒன்றாய வழி என்னை?

பல அறிவுகள் ஒரே காலத்துத் தோன்றாமையையே மனம் உண்டென்பதற்கு அடையாளமாகக் கொண்டது கோதமரது நியாய நூல். நியாயத்தாரோடு நாம் மாறுபடும் இடம் பலவெனினும், உயிர் ஒவ்வொன்றாக அழுந்தி அறிவதென்பதும், அனைத்தையும் ஒருங்கு அறிவான் இறைவன் ஒருவனே என்பதும் நமக்கும் உடன்பாடாம்.

அற்றேல், ஓதுவார் தாளமிட்டுப் பதிகம் ஓதுகின்றாரே எனின், தாளமும் பண்ணும் ஒரு பணியின் உறுப்புக்களென்க. 1907-இல் சென்னையில் சதாவதானம் நிகழ்த்திய செய்குத்தம்பிப் பாவலர் நூறு பொருள்களில் கருத்து வைத்தாரே எனின், அவதானியின்பால் வினாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே வருவன. விட்ட இடத்துக்குப் பிழையாது மீளும் ஆற்றலே அவர்தம் பெருமை. அதனைச் சிறிதும் குறைத்துரையேம்.

இனி, முறைவேலை முடிந்து நெய்வேலிச் சாலையில் வண்டியோட்டிச் செல்லும் ஒருவன் செல்பேசியில் உரையாடுகின்றான் என்க. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் கருவியைக் கையிற் கொள்ளுதலைக் குற்றமென்றது. கையிற் கொள்ளாது பேசினும் ஓட்டுவோர் சைகை விளக்கைத் தவறவிடுதலை ஸ்ட்ரேயர், ஜான்ஸ்டன் என்னும் உளநூலார் 2001-இல் சோதனையாற் காட்டினர். ஆகலின் தடையுற்றது கையன்று. நேரான சாலையில் உடற்பழக்கம் வண்டியைச் செலுத்தும். ஒரு குழவி குறுக்கே ஓடிவரின் அப்பழக்கம் போதாது. உயிரே கண்ணின்கண் வந்து நிற்றல் வேண்டும். அஃதோ அப்போது செவியின்கண் நிற்கின்றது. உயிரின்றிப் பொறி அறியாதென்பது சிவஞானபோதத்து ஐந்தாஞ் சூத்திரத்தான் தெளியப்படும்.

“யான் கண்டிலேன்” என்று அவன் கூறுவது மெய்யே. எனினும் அம்மெய் அவனைக் காவாது. என்னை? காணாமை ஆண்டு இயற்கையாய் வந்ததன்று. எதனைச் சார்தல் என்பதை அவனே முன்னர்த் தெரிந்துகொண்டான். குழவியைத் தூளியிலிட்டு ஆட்டிக்கொண்டே நெல்குற்றும் ஏழைத்தாய் இவனோடு ஒப்பாள் அல்லள். அழுகுரல் கேட்டவுடன் அவள் உலக்கையை விடுகின்றாள். இரண்டனுள் தலைமையுடையது யாதென அவள் முன்னரே துணிந்திருந்தாள்.

நம் இல்லத்தையும் நோக்குவாம். வாய் மந்திரம் சொல்லக் கண் தட்டை நோக்கும் அருச்சகரை யாவரும் அறிவர். 2022-இல் சென்னை உயர்நீதிமன்றத்து மதுரைக் கிளை தமிழ்நாட்டுக் கோயில்களுள் செல்பேசியைத் தடுத்தது, கோயிலின் தூய்மை கருதியாம். வழிபடுவான் உயிர் ஒன்றே என்னும் காரணமும் அதனோடு சேர்த்தற்பாலதென்பது எம் கருத்து.