டாக்டர் சொல்வார்

வரும் திங்கட்கிழமை ஓர் அரசு மருத்துவமனையின் எக்ஸ்ரே அறையில் என் பயிற்சி ஆண்டு தொடங்குகிறது. சட்டையில் குத்திக்கொள்ள டிஎல்டி பேட்ஜ் தருவார்கள். என் மேல் விழும் கதிரை அது சேர்த்து வைத்திருந்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வகத்தில் கணக்குச் சொல்லும். இந்த வேலை செய்கிறவர்களுக்கு ஆண்டுக்குச் சராசரியாக 20 மில்லிசீவர்ட்தான் வரம்பு. போதாததற்கு ஈய ஏப்ரன், ஈயக் கண்ணாடித் தடுப்பு. உடம்பைப் பற்றி எனக்குக் கவலையில்லை. பயமெல்லாம் ஒரே ஒரு வாக்கியத்தின் மேல்தான்: "டாக்டர் சொல்வார்."

படத்தை முதலில் பார்ப்பவன் நான். சொல்லும் உரிமை எனக்கு இல்லை. ஆனால் கேட்கிறவர்கள் என்னிடம்தான் கேட்பார்கள், "தம்பி, எப்படி இருக்கு?"

நான் பள்ளியில் படித்தபோது பாட்டியை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனோம். பாட்டி மூன்று முறை கேட்டாள். அந்த அண்ணன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே மூன்று முறையும் இதையே சொன்னார். "வாயைத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்?" என்று அம்மா பஸ்ஸில் திட்டிக்கொண்டே வந்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். மூன்று நாள் கழித்து ரிப்போர்ட்டில் புற்றுநோய் என்று வந்தது. அந்த மூன்று நாளை அவர் எங்களிடமிருந்து திருடிவிட்டதாகவே ரொம்ப காலம் நினைத்திருந்தேன்.

பிறகு நானே இந்தப் படிப்புக்கு வந்தேன். இரண்டாமாண்டு போஸ்டிங்கில் ஒரு கல்லூரிப் பெண்ணுக்கு மார்பு எக்ஸ்ரே எடுத்தேன். வலது நுரையீரலின் உச்சியில் வெள்ளையாக ஒரு பட்டை. உச்சியில் நிழல் தெரிந்தால் காசநோயை நினை என்று அந்த வாரம்தான் படித்திருந்தேன். "அண்ணா, ஏதாவது பிராப்ளமா?" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. முகம் சொல்லியிருக்க வேண்டும், அவள் கண் கலங்கிவிட்டது. சீனியர் அக்கா வந்து படத்தைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். பின்னல்! தோளில் கிடந்த ஈரப் பின்னலைத் தூக்கிக் கட்டச் சொல்ல மறந்தது நான். மறுபடி எடுத்தோம், பட்டையைக் காணோம்.

அன்றைக்கு "டாக்டர் சொல்வார்" என்று சொல்லியிருந்தால் அது முழு உண்மை. எனக்குத் தெரியாது என்பதை மரியாதையாகச் சொல்லும் விதம், அவ்வளவுதான். ஆனால் தெரியும்போது? தொடை எலும்பு இரண்டாகக் கிடக்கும் படத்தைப் படிக்க நிபுணர் வேண்டியதில்லை. நெஞ்சுக்குள் காற்று கசிந்து நுரையீரல் சுருங்கியிருந்தால் நான் உடனே மருத்துவரிடம் ஓட வேண்டும். அந்த ஓட்டத்தை நோயாளியும் பார்ப்பார்.

குற்றமில்லாத நன்மை தருமென்றால் பொய்க்கும் இடமுண்டு என்கிறார் வள்ளுவர். அந்த நன்மை எது என்று தெரிந்தவனுக்குத்தானே இந்தச் சலுகை? பாட்டி அந்த மூன்று நாளும் அத்தை வீட்டில் பணியாரம் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கினாள். தெரிந்திருந்தால் வேறு எங்காவது போயிருப்பாளோ, யாரையாவது பார்த்திருப்பாளோ. அவளிடம் யாரும் கேட்கவில்லை.

இந்த ஒரு வருஷம் சமாளித்துவிடலாம். "எனக்கு இன்னும் படம் படிக்கத் தெரியாதும்மா, டாக்டர் சொல்வார்" என்று கண்ணைப் பார்த்தே சொல்லலாம், பொய்யில்லை. வேலை பழகப் பழக முதல் பாதி செல்லாக்காசாகிவிடும். அந்த அண்ணன் ஏன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை என்பது இப்போது கொஞ்சம் புரிகிறது.

அம்மாவிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"சரிடா, சொல்லக்கூடாதுன்னா சொல்ல வேணாம். நின்னுட்டே இருந்தாங்களே, உட்காருங்க பாட்டின்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"