விளக்கைத் தணிக்கும் வேளை

பிரம்ம முகூர்த்தத்தில் எழுந்து ஜபம் செய்ய உறுதி பூண்ட சாதகன், எழ முடியாதபோது தன் மனவலிமையையே பழித்துக்கொள்கிறான். அப்பழி முற்றிலும் நியாயமானதா?

1958-இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஏரன் லெர்னர் குழுவினர் கண்டறிந்த மெலடோனின், இருள் சூழ்ந்ததும் பீனியல் சுரப்பியில் பெருகி, இரவு வந்ததை உடலுக்கு உணர்த்துகிறது. ஒளி, குறிப்பாக நீல ஒளி, அதை ஒடுக்குகிறது. உறங்குமுன் இருக்கும் சாதாரண அறை வெளிச்சமே மெலடோனின் சுரக்கும் நேரத்தைச் சுமார் 90 நிமிடங்கள் குறைப்பதாக 2011-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கைபேசியில் காண்பது பக்திச் சொற்பொழிவாயினும், கண்ணுள் புகும் ஒளி ஒளியே!

ஆகவே, நள்ளிரவுவரை ஒளியில் திளைத்தவன் விடியலில் போராடுவது உடலியற்கையோடு. அதனால் அவனது பொறுப்பு நீங்கிவிடவில்லை; அது முந்தைய மாலைக்கு நகர்கிறது. சுதந்திரமாகத் தேர்ந்தெடுக்கும் ஆற்றல் அவனிடம் இருந்தது அப்போதுதான். உறக்கத்திலும் விழிப்பிலும் அளவைக் கீதையின் ஆறாம் அத்தியாயம் யோகத்தின் அங்கமாகவே வைக்கிறது.

இரவெல்லாம் நோயாளியருகே விழித்திருக்கும் செவிலியரை இக்கணக்கில் சேர்ப்பது தகாது. அவரது விழிப்பு சேவை. ஆனால் பலர் ஒரே அறையில் உறங்கும் இல்லத்தில், ஒருவர் அணைக்காத விளக்கு பிறர் உறக்கத்தையும் கெடுக்கிறது. அஹிம்சையைப் பற்றி நெடுநேரம் விவாதிப்போரும் இதை ஹிம்சையென எண்ணுவது அரிது.