தாமே திறக்கும் கண்காட்சி

ஓவியர் ஒருவர் தம் படங்களைத் தாமே தேர்ந்து, தாமே மாட்டி, வருகிறவர்களைத் தாமே வாசலில் நின்று வரவேற்கும் தனிநபர் கண்காட்சி, இரு வேறு இயல்புகளை ஒரே ஆளிடம் கேட்கிறது. வரைவது தனிமையில் நடக்கிறது. திறப்பு நாளோ முழுக்கப் பிறருக்கானது. ஆண்டுக்கணக்கில் படங்களைப் பற்றியே கவலைப்பட்டவர், அந்த ஒரு மாலையில் வந்தவர்களைப் பற்றிக் கவலைப்படத் தொடங்க வேண்டும். ஏற்பாடுகளில் கடினமானது இந்த இடமாற்றம்தான். மற்ற வேலைகள் எல்லாம் இதற்கு வழிசெய்பவை.

முதல் வேலை கழித்தல். எல்லாப் படங்களையும் மாட்டிவிட வேண்டும் என்று மனம் அடித்துக்கொள்ளும். அதிகம் பாடுபட்டு வரைந்த படத்தின் மேல் ஓவியருக்குத் தனிப் பாசம் இருக்கும். ஆனால் அந்தப் பாடு சுவரில் தெரியாது. பார்ப்பவருக்குத் தெரிவது படம் மட்டுமே. "இது வேண்டாம்" என்று முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒரு நண்பர் இந்தக் கட்டத்தில் பெரும் உதவி. பக்கத்துப் படத்தை மங்கச் செய்யும் நல்ல படமும் வீட்டிலேயே இருக்கலாம்.

இடம் பெரிய கேலரியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஆங்கிலக் கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் 1809-இல் லண்டனில் தம் அண்ணனின் காலுறைக் கடை இருந்த வீட்டில் 16 படங்களை வைத்தார். சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கியவர்கள், பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற வருமானத்தில் தங்கள் ஓவிய வாழ்க்கையை நிலைநிறுத்திக்கொண்டார்கள். காட்டுவதற்கான இடத்துக்காகப் பிறர் தயவை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டாம் என்ற எண்ணம் அந்த முயற்சிக்குப் பெருமை சேர்ப்பது.

ஓவியர்கள் தாமே நடத்திய கண்காட்சிகளில் மிகவும் யோசித்துச் செய்யப்பட்ட திறப்பு 1874 ஏப்ரல் 15 அன்று பாரிஸில் நடந்தது. மோனே, தெகா, ரெனுவார், பிஸ்ஸாரோ, பெர்த் மொரிசோ உள்ளிட்ட சுமார் 30 ஓவியர்கள், நதார் என்ற புகைப்படக் கலைஞர் முன்பு தொழில் நடத்திய ஸ்டுடியோவில் தங்கள் படங்களை வைத்தார்கள். அரசின் ஆண்டுக் கண்காட்சியான சலோனில் படங்கள் கூரைவரை அடுக்கப்படுவது வழக்கம். இவர்கள் குறைந்த வரிசைகளில் மாட்டினார்கள். எது எங்கே என்பதில் பூசல் எழாதிருக்கச் சீட்டுக் குலுக்கிப் பார்த்தார்கள். நுழைவுக் கட்டணம் ஒரு பிராங்க். இரவு 8 முதல் 10 வரையும் கதவு திறந்திருந்ததால் பகலில் வேலைக்குப் போகிறவர்களும் வர முடிந்தது. கேலிக் கட்டுரைகள் வந்தன, பணமும் நட்டமானது. ஆண்டு முடிவதற்குள் அவர்கள் இதற்காக அமைத்திருந்த சங்கத்தைக் கலைத்தார்கள். ஆயினும் அந்த இரவு நேரத்தில் தெரிவது வருகிறவர் மேல் வைத்த அக்கறை. ஓவிய வரலாறு அதை இன்னும் அதிகமாகப் பேச வேண்டும்.

மாட்டும் வேலையில் பொது வழக்கம் ஒன்று உண்டு. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 முதல் 150 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது நிற்பவரின் கண்மட்டத்தில் வர வேண்டும். நீர்வண்ணப் படங்களுக்கு 50 லக்ஸுக்கு மேற்பட்ட வெளிச்சம் நாளடைவில் கேடு செய்யும் என்று அருங்காட்சியகங்கள் கருதுகின்றன. சென்னை போன்ற ஈரப்பதம் மிகுந்த ஊரில் காகிதம் கண்ணாடியில் ஒட்டாதபடி இடையே மவுண்ட் எனப்படும் அட்டைச் சட்டம் வைப்பது கட்டாயம். மாட்டி முடித்த பிறகு தூரிகையைத் தொடாதிருப்பது நல்லது. 1832-இல் லண்டன் ராயல் அகாதமி கண்காட்சியில் ஆங்கில ஓவியர் டர்னர், பக்கத்தில் இருந்த சக ஓவியர் கான்ஸ்டபிளின் வண்ணமயமான படத்தைக் கண்டு, தம் சாம்பல் நிறக் கடலில் சிவப்புத் திட்டு ஒன்றை இட்டுவிட்டுப் போனார்; பின்னர் அதை மிதவையாக மாற்றினார். டர்னருக்கு அது கைகூடியது. மற்றவர்களுக்குக் கடைசி நேரப் பதற்றமே சாயமாக ஒட்டிக்கொள்ளும்.

தலைப்பு வைப்பதும் வைக்காததும் ஓவியரின் உரிமை. 1930-இல் பாரிஸில் தம் ஓவியங்களைக் காட்டிய ரவீந்திரநாத் தாகூர் படங்களுக்குப் பெயரிடுவதைப் பொதுவாகத் தவிர்த்தார். விலையில் இந்தச் சுதந்திரம் கிடையாது. அதை முன்னமே முடிவுசெய்து தாளில் எழுதி வைக்க வேண்டும். கேட்டவர் முன் தயங்கி நிற்பது இருவருக்கும் சங்கடம்.

தமிழ்நாட்டுத் திறப்பு விழாவுக்கு ஒரு வடிவம் உருவாகியிருக்கிறது: குத்துவிளக்கு, சிறப்பு விருந்தினர், பொன்னாடை, வாழ்த்துரைகள், தேநீர். விளக்கேற்றுவது அழகான தொடக்கம். பேச்சுகள் நீளும்போதுதான் கூட்டம் முழுவதும் படங்களுக்கு முதுகைக் காட்டி நிற்க நேர்கிறது. இருவர் சில நிமிடங்கள் பேசினால் போதும். ஓவியர் படத்தின் அருகிலேயே நின்று விளக்குவதைவிட, கூப்பிட்டால் வரும் தொலைவில் இருப்பது மேல்.

அன்று வருகிறவர்களில் பலர் ஓவியம் பார்த்துப் பழகாதவர்கள். ஊரிலிருந்து வந்த சித்தி, பழைய பள்ளித் தோழர், பக்கத்து வீட்டுக்காரர் என அன்பினால் வந்தவர்கள். "இது என்ன தம்பி?" என்று அவர்கள் கேட்பதைவிட நேர்மையான கேள்வி வேறில்லை. "உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதுதான்" என்ற பதில் அடக்கம்போலத் தோன்றினாலும், கேட்டவரை வாசலிலேயே நிறுத்திவிடும். எதைப் பார்த்து வரையத் தொடங்கினார், இந்த நீலம் ஏன் வந்தது, எந்த இடத்தில் வழி தெரியாமல் நின்றார் என்று சொன்னால், கேட்டவர் மறுபடி படத்தைப் பார்ப்பார். வேலையைச் சொல்லலாம், பொருளைத் திணிக்க வேண்டியதில்லை.

கூட்டம் வராதோ என்ற அச்சம் எல்லாருக்கும் உண்டு. 1855-இல் பாரிஸ் உலகக் கண்காட்சி தம் பெரிய படம் ஒன்றை மறுத்தபோது, பிரெஞ்சு ஓவியர் கூர்பே அருகிலேயே தம் சொந்தச் செலவில் தனிக் கூடம் கட்டினார். எதிர்பார்த்த அளவு ஆட்கள் வராததால் கட்டணத்தைப் பாதியாகக் குறைக்க நேர்ந்தது. ஒரு நாள் மூத்த ஓவியர் தெலக்ருவா அங்கே போய் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தனியாக நின்று பார்த்து, மறுக்கப்பட்ட அந்தப் படம் தலைசிறந்தது என்று நாட்குறிப்பில் எழுதினார். நிதானமாகப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் திறப்பு நாளின் நெரிசலில் வருவதில்லை. அடுத்த நாட்களின் வெறுமையான பிற்பகல்களில் வருகிறார்கள். அந்த நாட்களிலும் ஓவியர் கூடத்தில் இருப்பதே முறை.

கண்காட்சி முடிந்ததும், விற்றதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டிய படங்களைக் கட்டி, வாங்கியவர் வீட்டில் சேர்க்க வேண்டும். ஒவ்வொன்றின் அளவு, ஊடகம், ஆண்டு, வாங்கியவர் முகவரி ஆகியவற்றை நிழற்படத்தோடு பதிவேட்டில் எழுதி வைப்பது அவசியம். பல ஆண்டுகள் கழித்து மொத்தப் படைப்புகளையும் திரட்டி ஒரு கண்காட்சி வைக்க நேரும்போது, எந்தப் படம் எங்கே இருக்கிறது என்பதை அந்தப் பதிவேட்டைக் கொண்டுதான் தேடத் தொடங்க முடியும்.