மிச்சம் யாருடைய மிச்சம்?



வீட்டில் வரும்படி குறைந்தால் என்ன செய்வது என்று நம் தாய்மாருக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. பண்டிகைப் புடவையை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுவார்கள், வெள்ளையடிப்பை நிறுத்துவார்கள், ஆனால் குழந்தையின் பாலையும் கிழவரின் மருந்தையும் தொடமாட்டார்கள். இந்தப் புத்தி இருந்தால் ஒரு நகரத்தின் வரவு செலவையும் சமாளித்துவிடலாம் என்று பலர் சொல்வதுண்டு. அது முழு உண்மைதானா? சற்று யோசித்துப் பார்ப்போம்.

வீட்டுக்கும் நகரத்துக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. வீட்டில் செலவைக் குறைக்கிற தாயும், அந்தக் குறைவைச் சுமக்கிற பிள்ளைகளும் ஒரே பானையில் சாப்பிடுகிறவர்கள். நகரத்திலோ தீர்மானம் ஒரு மண்டபத்தில் நிறைவேறுகிறது; அதன் பாரம் வேறொரு தெருவில் போய் இறங்குகிறது. ஆகையால் நகரத்தின் கணக்கில் "மிச்சம்" என்று ஒரு தொகையைக் கண்டால், "நல்லது" என்று சொல்லுமுன் "யாருடைய மிச்சம்?" என்று கேட்க வேண்டும்.

அவனியாபுரத்து மக்களுக்கு இது எளிதில் விளங்கும். 2011-ஆம் ஆண்டு வரை நம் ஊர் தனி நகராட்சியாக இருந்தது. அந்த ஆண்டில் திருப்பரங்குன்றம், ஆனையூர் முதலிய ஊர்களோடு மதுரை மாநகராட்சியில் சேர்க்கப்பட்டது. மாநகராட்சியின் பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148 ஆயிற்று. வார்டுகள் 72-லிருந்து 100 ஆயின. ஆனால் கணக்குப் புத்தகத்தில் நாம் மதுரையோடு சேருமுன்பே, மதுரையின் குப்பை நம்மோடு சேர்ந்துவிட்டது. வெள்ளக்கல் குப்பைக் கிடங்கும், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையமும் இருப்பது நம் பக்கத்திலேதான். நகரத்துக்கு எங்கேயாவது ஓர் இடம் வேண்டும் என்பது மெய்யே. ஆனால் குப்பையைத் தரம் பிரிக்காமல், உரமாக்காமல் வெறுமனே கொட்டிவிட்டால் அந்த வருஷச் செலவு குறைகிறது. புத்தகத்தில் மிச்சம் காட்டலாம். அந்த மிச்சத்தின் விலையைப் புகையாகவும் நாற்றமாகவும் ஈயாகவும் பக்கத்தில் குடியிருப்பவர் செலுத்துகிறார். அவர் செலுத்துவதற்கு ரசீது கிடையாது. பிற்காலத்தில் அந்தக் குப்பை மேட்டைத் தோண்டிப் பிரிக்க வேண்டி வரும்போது, அந்தச் செலவும் பொதுப்பணத்தின் மேலேயே விழுகிறது.

இதற்குக் கொடிய சாட்சி ஒன்று அமெரிக்காவில் நடந்தது. மிச்சிகன் மாகாணத்தில் பிளின்ட் என்று ஒரு நகரம். ஏறக்குறைய ஒரு லட்சம் ஜனங்கள். மோட்டார்த் தொழில் நலிந்து, கஜானா வறண்டுபோக, மாகாண அரசு நியமித்த அதிகாரி நகரத்தின் கணக்கைக் கையில் எடுத்துக்கொண்டார். செலவைக் குறைப்பதற்காக 2014 ஏப்ரலில் டெட்ராயிட் குடிநீரை நிறுத்திவிட்டு, உள்ளூர் ஆற்றுத் தண்ணீரைக் குழாயில் விட்டார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களின் ஈயம் தண்ணீரில் கரைந்து குழந்தைகளின் இரத்தத்தில் ஏறிற்று. தண்ணீர் கெட்டுவிட்டது என்று ஜனங்கள் முறையிட்டும், நெடுநாள் கேட்பார் இல்லை. 2015 அக்டோபரில் பழைய தண்ணீருக்கே திரும்பினார்கள். பின்பு நஷ்ட ஈடாக மட்டும் 60 கோடி டாலருக்கு மேல் கொடுக்க ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. கணக்கை நேராக்கத்தான் நினைத்தார்கள். தொடக்கூடாத செலவைத் தொட்டதே தப்பிதம்.

அப்படியானால் நகர நிர்வாகம் எதையுமே குறைக்கக் கூடாதா? அப்படியல்ல. இல்லாத பணத்தை யாரும் செலவிட முடியாது. 2020-ஆம் ஆண்டுத் தொற்று நோய்க் காலத்தை நினைத்துக் கொள்ளுங்கள். கடைகள் மூடிக் கிடந்தன. வேலையில்லாத வீட்டில் வரி எங்கிருந்து வரும்? ஆனாலும் தண்ணீரை ஒரு நாள் நிறுத்த முடியுமா? துப்புரவுப் பணியாளர் ஒரு வாரம் வராதிருந்தால் நம் தெரு என்ன ஆகியிருக்கும்? வரவு நின்றாலும் நிற்கக்கூடாத செலவுகள் இவை. அலங்கார வளைவும் நடைபாதைப் புதுக் கல்லும் காத்திருக்கலாம். தண்ணீர், சாக்கடை, குப்பை, நோய்த் தடுப்பு, இவற்றில் உழைப்பவரின் கூலி ஆகியவை காத்திருக்க முடியாது.

செலவில் எப்படி ஒரு நியாயம் உண்டோ, வரவிலும் அப்படியே. 2022 ஏப்ரலில் தமிழக அரசு சொத்து வரியை உயர்த்தியபோது நம்மில் பலர் முகம் சுளித்தோம். எனினும் அதன் அமைப்பைக் கவனியுங்கள். மதுரை போன்ற நகரங்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம். 1,200 வரை 50. 1,800 வரை 75. அதற்கு மேற்பட்டதற்கு 100 சதவீத உயர்வு. உயர்வு அதிகமா குறைவா என்று வாதிக்கலாம். ஆனால் தோள் அகலமானவர் அதிகம் சுமக்கட்டும் என்ற ஏற்பாடு நியாயமானதே.

இந்த ஏற்பாடு பலிக்க வேண்டுமானால் அளவுகோல் நேராக இருக்க வேண்டும். பெரிய கட்டடம் ஏட்டில் சின்னதாகிவிட்டால், அதன் பாரம் சின்ன வீட்டின் மேல் ஏறுகிறது. 2025-இல் மதுரையில் வரி நிர்ணயத்தில் முறைகேடு என்று புகார் எழுந்து, கைதுகள் நடந்து, மண்டலத் தலைவர்கள் பதவி விலக, பின்பு மேயரும் விலகினார். குற்றம் யாருடையது என்று தீர்ப்பளிப்பது நீதிமன்றத்தின் வேலை, நம்முடையதல்ல. நமக்குரிய கேள்வி வேறு. இப்படிப்பட்ட காரியம் எங்கே நடந்தாலும், வரியைக் குறைத்துப் போடச் சொல்லிக் கை நீட்டிக் கொடுப்பவர் ஒருவர் இல்லாமல் வாங்குபவர் இருக்க முடியுமா? "அரசாங்கப் பணம்தானே" என்று நாம் சொல்லும்போது, யாருடைய பணத்தைச் சொல்லுகிறோம்? பொட்டல் காட்டில் குழாயடியில் குடத்தோடு நிற்கிற பெண்ணின் தண்ணீர் அது.

செழிப்பான காலத்திலும் ஒரு கடமை உண்டு. எகிப்து நாட்டில் சூசை ஏழு வருஷ விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைக் களஞ்சியத்தில் சேர்த்தது பஞ்சம் வந்த பிறகு அல்ல, வருமுன். பணம் வருகிற வருஷத்தில் குழாயைப் பழுது பார்த்து, கடனைக் குறைத்து வைக்கிற நகரமே, வராத வருஷத்தில் ஏழையின் பக்கம் கை நீட்டாமல் இருக்கும்.

ஆகவே நாம் செய்யக்கூடியதைச் செய்வோம். அரையாண்டு தொடங்கிய 30 நாளுக்குள் சொத்து வரியைக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி உண்டு, முடிந்தவர்கள் முந்திக்கொள்ளட்டும். வீட்டிலேயே குப்பையைப் பிரித்துக் கொடுங்கள். வெள்ளக்கல்லுக்குப் போகும் சுமை அத்தனையும் குறையும். 2022 முதல் வார்டுகளில் பகுதி சபைகள் கூட்டப்படுகின்றன. அங்கே போய் உங்கள் தெரு விளக்கைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். "இந்த வருஷம் எந்தச் செலவைக் குறைத்தீர்கள்? அந்தக் குறைவு எந்தத் தெருவில் இறங்கிற்று?" என்றும் மரியாதையாகக் கேளுங்கள். அந்தத் தெரு உங்களுடையதல்லாமல் போனாலும் கேளுங்கள்.