சிங்காசனத்துக்கு அவசரப்பட்டவர்கள்



தியான பகுதி: 1 சாமுவேல் 24:1-7

முன்னுக்கு வரணும் என்று ஆசைப்படுவது பாவமா? இல்லை. எருசலேமின் அலங்கத்தைக் கட்ட நெகேமியாவும் வாஞ்சித்தான். ஆனால் ஆசை நமக்கு எஜமானாகிவிட்டால் எங்கே கொண்டுபோய் விடும்?

ஷேக்ஸ்பியர் ஏறக்குறைய 1606-ல் எழுதிய மக்பெத் நாடகத்தைப் பாருங்கள். மக்பெத் ஸ்காட்லாந்து சேனாபதி, ராஜாவுக்குப் பிரியமானவன். நீ ராஜாவாவாய் என்று மூன்று சூனியக்காரிகள் சொன்னார்கள். வருகிறது தானாக வரட்டும் என்றுதான் முதலில் அவனும் நினைத்தான். பொறுக்க முடியவில்லை, மனைவியும் தூண்டிவிட்டாள். தன் வீட்டில் விருந்தாளியாய்த் தூங்கின ராஜாவையே கொன்றான். கிரீடம் வந்தது, தூக்கம் போயிற்று! பயத்தினால் சிநேகிதனைக் கொல்லுவித்தான். பிறகு ஒரு பிரபுவின் மனைவி பிள்ளைகளையும் கொல்லுவித்தான். அவன் மனைவியோ தூக்கத்தில் எழுந்து நடந்து, கையில் இல்லாத ரத்தக்கறையைக் கழுவிக்கொண்டிருந்தாள். கடைசியில் அந்தப் பிரபுவே மக்பெத்தை வெட்டிப்போட்டான்.

அது சீமைக் கதை என்று தள்ளிவிடாதீர்கள். 1891-ல் பெ. சுந்தரம் பிள்ளை எழுதிய மனோன்மணீயம் நம்ம திருநெல்வேலிச் சீமையில் நடக்கிற கதைதான். பாண்டிய ராஜா ஜீவகன் தன் மந்திரி குடிலனை முழுசாய் நம்பினான். குடிலனோ தன் மகனுக்கு ராஜகுமாரியைக் கட்டிவைத்து ராஜ்யத்தைப் பிடிக்கப் பார்த்தான். பிறகு கோட்டைக்குள் போகிற சுரங்க வழியை எதிரியான சேர ராஜாவுக்குக் காட்டிக்கொடுக்கப் போனான். சேரன் சன்மானமா கொடுத்தான்? விலங்கு மாட்டினான்!

"பாஸ்டர், மக்பெத் கேட்டது சூனியக்காரிகளின் வார்த்தை, அதான் விழுந்தான்" என்று சொல்லலாம். சரி, தாவீதைப் பாருங்கள். அவனை அபிஷேகம்பண்ணினது சாமுவேல், வாக்கு கர்த்தருடையது. என்கேதி குகையில் சவுல் தனியாய் அகப்பட்டான். கர்த்தர் சொன்ன நாள் இதுதான் என்று கூட இருந்தவர்களும் ஏவினார்கள். தாவீது சால்வைத் தொங்கலை மட்டும் அறுத்தான். அதற்கே அவன் மனது அடித்துக்கொண்டது. முப்பது வயதில் ராஜாவானான். அப்போதும் எப்ரோனில் யூதாவுக்கு மட்டும்தான். இஸ்ரவேல் முழுவதற்கும் ராஜாவாக இன்னும் ஏழரை வருஷம் பொறுத்தான்.

பிரியமானவர்களே, பசுவந்தனைக் கரிசல்காட்டு மானாவாரி விவசாயிக்கு இது தெரியும். விதைச்ச பிறகு முளைச்சிருக்கா என்று தினமும் கிண்டிப் பார்த்தால் விதைதான் கெட்டுப்போகும். மழை வருகிற வரைக்கும் காத்திருக்கத்தான் வேணும்.

உன்னை ஊழியத்தில் உயர்த்துவேன் என்று தீர்க்கதரிசனம் கேட்டிருக்கலாம். அதற்காக நாலு குடும்பத்தைப் பிரித்துக்கொண்டு போய்த் தனிக்கூட்டம் போடலாமா? கர்த்தர் ஆசீர்வதிப்பார் என்று சொல்லிக்கொண்டு, கூடப்பிறந்தவன் பங்கு நிலத்தையும் தன் பேருக்கு எழுதலாமா? வாக்கு மெய்யாகவே இருக்கட்டும். அதை நிறைவேற்ற அடுத்தவனைத் தள்ளுகிற கை கர்த்தருடைய கை அல்ல.

இன்றைக்கு உன் முன்னால் ஒரு சவுல் தூங்கிக்கொண்டிருக்கலாம். கத்தியை உறையில் போடு. உயர்த்துகிற தேவன் தாமதித்தாலும் மறக்கமாட்டார். ஆமென், அல்லேலூயா!