வாசற்கோலமும் மன அமைதியும்

மார்கழித் திங்களின் விடியற்காலையில் சேலையூர், சிட்லபாக்கம், குரோம்பேட்டை வீதிகளில் நடந்து செல்வோர், இருள் பிரியாத அவ்வேளையிலேயே வாசல் தெளித்துப் புள்ளி வைக்கும் தாய்மார்களை இன்றும் காணலாம். அதே வீதிகளில் எழும்பியுள்ள அடுக்குமாடி வீடுகளில், நள்ளிரவில் பணி முடிந்து திரும்பும் இளைஞர் சிலர், உறங்குமுன் ‘மண்டலா’ என்னும் வட்டச் சித்திரப் புத்தகத்தை விரித்து வண்ணம் தீட்டுகின்றனர். கைப்பேசியில் ஒலிக்கும் குரலுக்கேற்பக் கண்மூடி மூச்சைக் கவனிக்கின்றனர். ஏனென்று வினவினால், மனத்தின் இறுக்கம் தளர்கிறது, புதிய எண்ணங்கள் தோன்றுகின்றன, மறுநாளைக்கு ஊக்கம் பிறக்கிறது என்பர்.

இதனைக் கண்டு ஆஸ்திகர்களுள் ஒரு சாரார் முகம் சுளிக்கின்றனர். எம்பெருமானை அடைவதற்கென்று பெரியோர் வகுத்த த்யானத்தைத் தலைவலி மருந்தாக்கலாமோ என்பது அவர்தம் கேள்வி. மற்றொரு சாராரோ, பலன் கிடைத்தால் போதாதோ என்கின்றனர். இவ்விரு கட்சிகளுள் எது தகும் என்பதைச் சிறிது ஆராய்வோம்.

மண்டலம் என்பது நமக்குப் புதிய சொல்லன்று. பாஞ்சராத்ர ஆகமத்தில் கும்பம், மண்டலம், பிம்பம், அக்நி என்னும் நான்கு இடங்களில் பகவானை ஆராதிக்கும் முறை ‘சதுஸ்ஸ்தானார்ச்சனம்’ எனப்படும். பவித்ரோத்ஸவம் போன்ற காலங்களில் பல வண்ணப் பொடிகளால் சக்ராப்ஜ மண்டலம் எழுதப்படுவதைச் சேவித்தவர் பலர் இருப்பர். சக்கரமும் தாமரையும் கூடிய அவ்வடிவின் நடுவில் எம்பெருமான் எழுந்தருளப் பண்ணப்படுகிறான். விழா நிறைவுற்றதும், அரும்பாடுபட்டு எழுதிய அம்மண்டலம் களையப்படுகிறது. நம் வாசற்கோலமும் இத்தகையதே. காலையில் தோன்றி, கால்பட்டும் காற்றுப்பட்டும் எறும்புக்கு இரையாகியும் மாலைக்குள் மறைவது அது.

இனி மேனாட்டார் கண்டதைப் பார்ப்போம். ஸ்விட்சர்லாந்து நாட்டு மனோதத்துவ அறிஞர் கார்ல் குஸ்தாவ் யுங், முதல் உலகப் போரின் முடிவையொட்டி, 1918-19ஆம் ஆண்டுகளில், நாள்தோறும் காலையில் ஒரு குறிப்பேட்டில் சிறு வட்டச் சித்திரம் ஒன்றை வரைந்து வந்தார். அன்றைய தம் உள்ளத்தின் நிலை அதில் தெரிந்ததாக அவர் பின்னர் எழுதினார். அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்ஸன், த்யானம் செய்வோரின் உடலில் பிராணவாயுச் செலவு குறைவதையும் மூச்சு நிதானமடைவதையும் அளந்தறிந்து, 1975இல் அது குறித்து ஒரு நூல் வெளியிட்டார்.

2005இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி இன்னும் சிந்திக்கத்தக்கது. கல்லூரி மாணவர் 84 பேருள் ஒரு குழுவினர்க்கு வட்ட மண்டலமும், மற்றொரு குழுவினர்க்குக் கட்டம் போட்ட துணியைப் போன்ற சித்திரமும், மூன்றாம் குழுவினர்க்கு வெற்றுத் தாளும் கொடுத்து வண்ணம் தீட்டச் செய்தனர். வெற்றுத் தாள் பெற்றவரைக் காட்டிலும் முதலிரு குழுவினர்க்கும் பதற்றம் மிகுதியாகத் தணிந்தது. ஆனால் அவ்விரு குழுவினர்க்குள் வேற்றுமை ஏறத்தாழ இல்லை. மண்டலம் தந்த ஆறுதலைக் கட்டச் சித்திரமும் தந்துவிட்டது!

இதிலிருந்து பெறப்படுவது யாது? மனம் ஓர் ஒழுங்குக்குள் தன்னை ஒப்புக்கொடுக்குமாயின் அமைதி வருகிறது. வட்டம் என்னும் வடிவுக்கு மட்டுமே உரிய மாயம் அன்று அது.

அவ்வொழுங்கே கற்பனைக்கும் தாய் என்பதற்கு நம் தாம்பரமே சான்று. சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் புள்ளியியல் பேராசிரியராய் விளங்கிய கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருதிவாசன் ஆகிய மூவரும் 1974இல் கோலங்களைப் பற்றிய கணித ஆராய்ச்சிக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். மொழிக்கு இலக்கணம் இருப்பது போலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு. சில விதிகளைக் கொண்டே சிறு கோலத்திலிருந்து மேன்மேலும் விரியும் பெருங்கோலங்களைப் பிறப்பிக்கலாம் என்று அவர்கள் காட்டினர். கண்ணபிரானின் காற்சிலம்பு என்று பொருள்படும் பெயருடைய கோல வகையொன்றும் இத்துறை அறிஞர்களின் ஆராய்ச்சிக்கு உரியதாயிற்று. ஏட்டுக் கணிதம் பயிலாத நம் பாட்டிமார் நாள்தோறும் விரல் நுனியில் செய்து வந்ததைக் கணிப்பொறி இயல் வியந்து கற்றது. விதிகள் அவர்தம் கற்பனையைக் கட்டவில்லை. புள்ளிகளின் கட்டுப்பாடே புதுப்புது இழைகளுக்கு வழி வகுத்தது.

ஆகவே மன அமைதி, கற்பனை வளம், நாளைத் தொடங்கும் உற்சாகம் ஆகிய மூன்றும் மண்டலத்தாலும் த்யானத்தாலும் கிட்டுவன என்பதில் ஐயமில்லை. அவற்றை விரும்பி வருவோரை இகழ்வதும் தகாது. துன்புற்றவன், அறிய விரும்புபவன், பொருளை நாடுபவன், ஞானி என நால்வகையோர் தன்னை வந்தடைகின்றனர் என்று கீதையின் ஏழாம் அத்தியாயத்தில் கண்ணன் அருளினான். ஞானியைத் தன் ஆத்மா என்று கொண்டாடியபோதும், மற்ற மூவரையும் அவன் தள்ளவில்லை. நால்வரையும் உதாரர் என்றே போற்றினான். வேலைப் பளுவால் உறக்கமிழந்து கண்மூடி அமரும் இளைஞன் அந்நால்வருள் முதல்வனாகிய ஆர்த்தன் அல்லனோ? அவனுக்காகத் திறந்த கதவை நாம் ஏன் மூட வேண்டும்?

ஆயினும் கேள்வி இத்துடன் முடியவில்லை. அமைதிக்காகவே கோலம் என்றால், அமைதி மிகவும் தேவைப்படும் நாளில் கோலம் இல்லாதிருப்பது ஏன்? இக்கேள்வி என் வீட்டிலேயே எழுந்தது.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாயார் ஆசார்யன் திருவடி அடைந்தார். நாற்பது ஆண்டுகளாக ஒருநாளும் தவறாது வாசலில் கோலமிட்டு வந்த என் மன்னி, பதின்மூன்று நாட்கள் கோலப்பொடியைத் தொடவில்லை. வழக்கமாக எழும் வேளைக்கே எழுந்து, திண்ணையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வெற்று வாசலைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். எனக்கு மனம் பொறுக்கவில்லை. “இப்பொழுதுதானே மனத்துக்கு ஆறுதல் வேண்டும்? ஒரு தாளிலாவது வரைந்து பார்க்கலாமே” என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, “யாரை வாங்கோன்னு கூப்பிடறதுக்குப் போடறது? கோலம் நமக்காகப் போட்டுக்கறதில்லையே” என்றார்.

பதினான்காம் நாள் காலை நான்கு புள்ளி வைத்து ஒரு சிறு கோலம் இட்டார். கை நடுங்கியது, இழை இரண்டிடத்தில் விலகியது. அவற்றைத் திருத்தாமல் எழுந்து, வாசற்படியில் நின்று சிறிது நேரம் பார்த்தார். பிறகு உள்ளே சென்று பெருமாளுக்கு விளக்கேற்றினார். அன்றுதான் அவர் முகம் தெளிந்ததைக் கண்டேன். நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் அவர் பெற்றுவந்த அமைதி, அவர் கேட்டுப் பெற்றதன்று. மற்றொருவரை வரவேற்கும் பணியில் தாமே வந்து சேர்ந்தது. என் யோசனையோ, விருந்தினரை நீக்கிவிட்டு விருந்தை மட்டும் உண்ணச் சொன்னதற்கு ஒப்பாயிற்று.

இவ்வுண்மையை நம் கோதைப் பிராட்டி நாச்சியார் திருமொழியில் நாடகம் போல நடத்திக் காட்டுகிறாள். முதல் திருமொழியில் தரையைத் தூய்மை செய்து மண்டலம் இடுகிறாள். அச்சொல்லையே அவள் ஆளுகிறாள். ஆனால் அதனைக் காமதேவனுக்காக இடுகிறாள். கண்ணனுக்கே உரியவள் வேறொரு தேவதையை நாடலாமோ என்னும் வினாவுக்கு, அது பக்தி மிகுதியால் விளைந்த கலக்கம் என்பது பெரியோர் காட்டும் ஸமாதானம். இரண்டாம் திருமொழியில் சிறுமியர் முதுகு நோவச் சமைத்த மணல் வீட்டைக் கண்ணன் வந்து கலைக்கிறான்; வேண்டாமென்று மன்றாடுகின்றனர். நான்காம் திருமொழியில், மணலில் வட்டமிழைத்து முனைகள் கூடுகின்றனவா என்று பார்க்கும் கூடற்குறியை நாடுகிறாள். பலனை நாடி இட்ட மண்டலம், அவனே கலைத்த சிற்றில், அவன் வரவை மட்டுமே கேட்கும் வட்டம் என இம்மூன்றையும் வரிசையாக நோக்குங்கள். பயனில் தொடங்கிய நெஞ்சம், படைத்ததை இழக்கவும் கற்று, இறுதியில் அவனையே மையமாகக் கொள்கிறது. பயனை நாடித் தொடங்கியது குற்றமன்று. அங்கேயே நின்றுவிடுவதே குறை.

பகவத் ராமாநுஜர் ஸ்ரீபாஷ்யத்தில் த்யானத்தை எண்ணெய்த் தாரை போல் இடையறாத நினைவு என்று நிர்ணயித்தார்; அந்நினைவு அன்பின் வடிவாகும்போது பக்தி எனப்படும். நினைவு என்றால் நினைக்கப்படுபவன் ஒருவன் வேண்டும். மூச்சை எண்ணிக் கண்மூடுபவன் மனத்தைக் கலம்போல் துலக்குகிறான்; அது நல்லதே. துலக்கிய கலத்தில் எதை வார்ப்பது என்பதே அடுத்த வினா.

நம் நாட்களுக்கேற்ற வழி எளிது. அடுக்குமாடியில் வாழ்வோர்க்கு முற்றம் இல்லாதிருக்கலாம். கதவின் முன் ஒரு முழ இடம் போதும். ஒருமுறை ஒட்டிவிட்டு ஆண்டு முழுதும் விட்டுவிடும் அச்சுக்கோலம் கண்ணுக்கு அழகே. ஆனால் அது நாள்தோறும் எவரையும் அழைப்பதில்லை, எந்த எறும்புக்கும் உணவாவதில்லை. ஆடவரும் பெண்டிரும் பத்து நிமிடம் ஒதுக்கி, அரிசி மாவால் நான்கு புள்ளி வைத்து, ‘இன்று இவ்வழியே வருபவன் அவன்’ என்றெண்ணி ஓர் இழை இழுக்கட்டும். கடற்கரைக்குச் செல்லும் மின்சார ரயிலில் நெரிசலில் நிற்கும்போதும் அவ்விழையை மனத்தில் மீண்டும் வரையலாம். மாலையில் திரும்பும்போது வாசலில் கோலம் அழிந்திருக்கும். வருந்த வேண்டா, நாளையும் ஓர் அழைப்புக்கு இடம் கிடைத்தது என்று மகிழலாம்.

நமக்கு அண்மையிலுள்ள திருநீர்மலையில், மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தமையால் திருமங்கையாழ்வார் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது ஸ்தல வரலாறு. காத்திருந்த ஆழ்வார்க்கு நின்றும் இருந்தும் கிடந்தும் நடந்தும் நாற்கோலம் காட்டினான் எம்பெருமான். அவர் காத்திருந்தது அமைதிக்காக அன்று, அவனுக்காக. நம் வாசலில் நாம் இடும் கோலத்தைத் தேடி அவனும் நடந்து வருவானாக.