வலியும் விரதமும்

வலியைப் பொறுத்துக்கொள்வது புண்ணியமா? அதைத் தணித்துக்கொள்வது பாவமா? நலமாக இருக்கிறவன் இதைக் கேட்டால் அது வேதாந்தம். வலியில் கிடக்கிறவன் கேட்டால், அவனுக்கு விடிவதற்குள் பதில் வேண்டும்.

திண்டுக்கல்லிலிருந்து பழனிக்குப் போகும் சாலையில் ரெட்டியார்சத்திரம் இருக்கிறது. தைப்பூசக் காலத்தில் அந்தச் சாலையில் பாதயாத்திரைக் கூட்டம் ஓயாது. காலிலே கொப்புளம், தோளிலே காவடி, வாயிலே முருகன் பெயர். அந்தப் பக்கத்து விவசாயி ஒருவர் பல ஆண்டுகள் அப்படி நடந்தவர். இப்போது வாசல் வரை நடப்பதே அவருக்குப் பெரும்பாடு. சர்க்கரை வியாதி கால் நரம்புகளைக் கெடுத்துவிட்டது. பகலில் பாதம் மரத்துக் கிடக்கிறது; இரவில் கங்கின் மேல் வைத்தாற்போல் எரிகிறது. சிவமூலியிலிருந்து எடுத்த மருந்தை வெளிநாடுகளில் இதற்குக் கொடுக்கிறார்கள் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சிவமூலி என்றால் வேறொன்றுமில்லை, கஞ்சாதான். அது குணம் தருமா என்று அவர் என்னிடம் கேட்கவில்லை. "மாலை போட்ட உடம்பு தம்பி இது. அதைத் தொட்டா சாமி குத்தம் ஆகாதா?" என்றுதான் கேட்டார்.

குணம் தருமா என்பதற்கு ஆராய்ச்சியாளர்கள் சொல்வது அடக்கமான பதில். நரம்பு வலி பற்றிய பதினாறு ஆய்வுகளை, ஏறக்குறைய 1,750 நோயாளிகளின் அனுபவத்தை, 2018-இல் ஒருங்கே சீர்தூக்கிப் பார்த்தார்கள். சிலருக்கு வலி குறைகிறது. ஆனால் தலைச்சுற்றல், மந்தம், மனக் குழப்பம் ஆகிய தொல்லைகள் அந்த நன்மையை விழுங்கிவிடக்கூடும் என்று கண்டார்கள். சட்டமோ கண்டிப்பானது. 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கஞ்சாவைக் கையில் வைத்திருப்பதே குற்றம். மருத்துவத்துக்கும் ஆராய்ச்சிக்கும் மட்டும், அதுவும் உரிமத்தின் பேரில், வழி விட்டிருக்கிறது. ஆகவே தெருவில் பொட்டலமாக விற்பதை மருந்தென்று யாரும் வாங்கிவிடக் கூடாது. இது டாக்டரும் சட்டமும் சொல்ல வேண்டிய பதில். சாமி குற்றம் என்பது வேறு கேள்வி.

வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அது தொண்ணூற்று மூன்றாவது. மருந்துக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்; அது தொண்ணூற்றைந்தாவது. இடையே இருப்பது சூது ஒன்றுதான். அறிவை மயக்குவதைக் கடிந்த அதே கை, நோயின் காரணத்தை நாடித் தணிக்கும் வழியையும் எழுதியது. பழனி மலைமேல் நிற்கும் தண்டாயுதபாணியின் திருவுருவை ஒன்பது பாஷாணங்களைக் கட்டிப் போகர் செய்தார் என்பது ஐதிகம். நஞ்சும் சுத்தி செய்யப்பட்டால் மருந்தாகும் என்ற சித்த வைத்தியக் கொள்கையை இதைவிடப் பெரிய எழுத்தில் எழுதிவைக்க முடியாது.

பௌத்தத்தின் ஐந்து சீலங்களில் ஒன்று மதுவையும் போதையையும் விலக்குவது. ஆனால் பிலிந்தவச்சர் என்ற பிக்ஷு கைகால்களில் வாத வலியால் வருந்தியபோது, புத்தர் ஒவ்வொரு சிகிச்சையாக அனுமதித்துக்கொண்டே வந்தார் என்று விநய பிடகம் கூறுகிறது. அவற்றில் ஒன்று 'பங்க' நீர். கஞ்சாத் தழை இட்ட நீர் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். கத்தோலிக்க உலகில் மயக்க மருந்து வைத்தியர்கள் இதே சந்தேகத்தைக் கேட்டபோது, நோயாளி வலியைத் தணித்துக்கொள்வதில் பாவமில்லை என்று போப் பன்னிரண்டாம் பயஸ் 1957-இல் விடை சொன்னார்.

நம் அப்பர் பெருமானை எடுத்துக்கொள்ளுங்கள். சூலை நோய் குடலை முறுக்கியபோது அவர் அதைத் தவமாகக் கொண்டு வாய் மூடி இருந்தாரா? தமக்கையார் இட்ட திருநீற்றைப் பூசிக்கொண்டு திருவதிகைச் சந்நிதியில் நின்று, இதைத் தாங்க முடியவில்லை, தீர்த்துவிடு என்றுதான் பாடினார். வலியைச் சொல்லி அழுதவரைத்தான் சைவம் நாவுக்கரசர் என்று கொண்டாடுகிறது.

போதையைச் சமயங்கள் ஏன் விலக்கின? மனிதன் தன்னை மறக்கிறான். தாயையும் தாரத்தையும் தெய்வத்தையும் மறக்கிறான் என்பதால்தானே? தாங்க முடியாத வலியும் அதையே செய்கிறது. இரவெல்லாம் எரியும் காலோடு கிடப்பவனுக்கு முருகன் பெயர் நினைவில் நிற்காது, கால்தான் நிற்கும். அப்படியானால் உரைகல் ஒன்றே: இந்த மருந்து அவனை அவனிடம் திருப்பிக் கொடுக்கிறதா, அவனிடமிருந்து இன்னும் தூரமாக்குகிறதா? முதலாவதென்றால் அது மருந்து. இரண்டாவதென்றால், சிவன் பெயரைச் சூட்டினாலும் அது கள். சாமியார் வேஷத்தில் புகைவிடுகிறவனுக்கு இந்த உரைகல்லில் இடமில்லை.

வலியை ஏற்பவர்களும் உண்டு. ரமண மகரிஷி கையில் புற்றுக் கட்டி வந்தபோது கையை எடுத்துவிட வேண்டும் என்ற யோசனைக்கு இணங்கவில்லை. அலகு குத்திக்கொள்கிறவன் தானே விரும்பிக் குத்திக்கொள்கிறான். தானே ஏற்ற வலிதான் விரதம். பிறர் மேல் சுமத்திய வலிக்கு விரதம் என்று பெயரில்லை.

போதைக்கு அஞ்சி இயற்றிய அந்த 1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கெடுபிடியில், புற்றுநோயாளிக்கு வேண்டிய மார்பின் மருந்தும் மருத்துவமனைகளில் அருகிப்போயிற்று. 2014-இல் சட்டத்தைத் திருத்தினார்கள். இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனையோ வீடுகளில் எத்தனையோ பேர் இரவெல்லாம் அலறினார்கள். அவர்களில் யாரும் விரதம் எடுத்துக்கொண்டவர்கள் அல்லர். சாமி குற்றம் என்று ஒன்று உண்டானால், மருந்தை நாடியவனை விட்டுவிட்டு, அந்த அலறலைக் கேட்டும் நல்லொழுக்கம் பேசிக்கொண்டிருந்த நம்மிடம்தான் அதைத் தேட வேண்டும்.